ஒளிரும் லாந்தனைடு நுண்துகள்களும் அவற்றின் பாலிமர்ப் போர்வையும்

மழைக்காலத்தில் ஆறுகள் கலங்கிய நீருடன் பாய்கின்றன. அந்நீரிலுள்ள நுண்ணிய களிமண் துகள்கள் பல நூறு மைல் தூரம் அடியில் தங்காமல் மிதந்து வருகின்றன. ஆனால் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடைந்ததும் அவை ஒன்றோடொன்று திரண்டு, கனத்து, அடியில் படியத் தொடங்குகின்றன. நீரோட்டத்தின் வேகம் குறைவது இதற்கு ஒரு காரணம். கடல் நீரிலுள்ள உப்பு மற்றொரு காரணம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் கலங்கல் நீரை எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து வைத்தால், உப்பிட்ட நீர் விரைவில் தெளிவதைப் பள்ளி மாணவரும் கண்டறியலாம்.

இந்த எளிய நிகழ்ச்சியே இன்றைய மருத்துவச் சோதனை முறைகளில் பெரியதோர் இடையூறாக வந்து நிற்கிறது. இரத்தத்தில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதற்கு, அப்பொருளோடு போய் ஒட்டிக்கொண்டு ஒளி வீசும் நுண்துகள்கள் பயன்படுகின்றன. இரத்தமும் ஓர் உப்பு நீரே. அதில் இடப்பட்ட துகள்கள் கழிமுகத்துக் களிமண்ணைப்போலத் திரண்டுவிடுமாயின் சோதனை பொய்த்துப்போகும். நோய் உள்ளவருக்கு இல்லையென்றும், இல்லாதவருக்கு உண்டென்றும் விடை வரக்கூடும். இத்தீங்கைத் தடுப்பதற்காகத் துகள்களின்மேல் பாலிமர்ப் பொருளால் ஒரு போர்வை போர்த்தப்படுகிறது. அப்போர்வை எவ்வாறு காக்கிறது, எந்நிலையில் கைவிட்டுவிடுகிறது என்பவற்றை இங்கே காணலாம்.

அருமண்களின் ஒளி

அணு எண் 57 கொண்ட லாந்தனம் முதல் 71 கொண்ட லுட்டீசியம் வரையுள்ள 15 தனிமங்கள் லாந்தனைடுகள் எனப்படும். இவற்றோடு ஸ்காண்டியத்தையும் இட்ரியத்தையும் சேர்த்து அருமண் தனிமங்கள் என்பர். ஸ்வீடன் நாட்டில் இட்டர்பி என்னும் சிற்றூரில் 1787-இல் கிடைத்த கரிய கல்லொன்றை 1794-இல் யோஹான் கடோலின் ஆராய்ந்து, அதில் புதியதொரு மண் இருப்பதை அறிவித்தார். இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் ஆகிய நான்கு தனிமங்கள் இன்றும் அவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

லாந்தனைடு அயனிகளின் ஒளிக்குக் காரணமான எலெக்ட்ரான்கள் அணுவின் வெளிப்புறத்தில் இல்லை. அவை உள்ளடுக்கில் அமைந்து, வெளியடுக்கு எலெக்ட்ரான்களால் சூழப்பட்டுள்ளன. சுற்றுப்புறத்தின் தாக்குதல் அவற்றை அதிகமாக எட்டுவதில்லை. ஆகவே இவ்வயனிகள் தரும் ஒளி நிறமாலையில் அகன்ற பட்டையாகப் பரவாமல் குறுகிய கோடுகளாகத் தோன்றுகிறது. யூரோப்பியம் 615 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிச் செந்நிற ஒளியையும், டெர்பியம் 545 நானோமீட்டரை ஒட்டிப் பச்சை ஒளியையும் தருகின்றன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்காகும்.

இவ்வொளிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சாதாரணச் சாயப்பொருள் ஒன்றின்மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சி நிறுத்தினால், அதன் ஒளிர்வு ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்தில் மறைந்துவிடும். லாந்தனைடுகளின் ஒளிர்வோ ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலும் நீடிக்கும். இரத்தம், திசுக்கள் ஆகியனவும் புறஊதாக் கதிர் பட்டால் சிறிது ஒளிர்வன. ஆனால் அவ்வொளி நொடிப்பொழுதில் மறைவது. கதிரைப் பாய்ச்சியபின் சற்றே தாமதித்து அளவெடுத்தால், இரத்தத்தின் ஒளி மறைந்துபோயிருக்கும். லாந்தனைடின் ஒளி மட்டும் எஞ்சி நிற்கும். இவ்வாறு தாமதித்து அளக்கும் சோதனை முறை 1980-களில் பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில் வளர்ச்சி பெற்றுப் பல நாடுகளுக்குப் பரவியது. பிறந்த குழந்தைகளின் தைராய்டுக் குறையைக் கண்டறிவது அதன் பயன்களுள் ஒன்று.

லாந்தனைடுகளுக்கு ஒரு குறையும் உண்டு. அவை தாமாக ஒளியை உட்கொள்ளும் திறன் மிகக் குறைவு. 1942-இல் வைஸ்மன் என்னும் விஞ்ஞானி, யூரோப்பியத்தோடு தக்க கரிமச் சேர்மத்தை இணைத்தால், அச்சேர்மம் ஒளியை உட்கொண்டு யூரோப்பியத்திற்குக் கைமாற்றித் தருவதை எடுத்துக்காட்டினார். இம்முறையில் அமைந்த யூரோப்பியச் சேர்மங்களை, சுமார் 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு பாலிஸ்டைரீன் மணிக்குள் 30,000-க்கும் மேலாக அடைத்துவைக்க முடிகிறது. ஒரு மூலக்கூறு ஒளிரும் இடத்தில் முப்பதினாயிரம் ஒளிர்வதால் சோதனையின் கூர்மை பன்மடங்கு உயர்கிறது.

மற்றொரு வகைத் துகள் சோடியம் இட்ரியம் புளூரைடு என்னும் படிகத்தால் ஆனது. அதில் சிறிதளவு இட்டர்பியமும் எர்பியமும் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை இட்டர்பியம் உட்கொண்டு எர்பியத்திற்கு அளிக்கிறது. எர்பியம் இத்தகைய சக்தித் தவணைகள் இரண்டைச் சேர்த்துவைத்துப் பச்சை ஒளியாகவும் சிவப்பு ஒளியாகவும் வெளியிடுகிறது. 1966-இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ஓசெல் இவ்வகைச் சக்தி மாற்றத்தை விளக்கினார். இரத்தத்தில் உள்ள பொருள்கள் அகச்சிவப்புக் கதிரால் இவ்வாறு ஒளிர்வதில்லையாதலால், இத்துகள்களின் ஒளியில் வேறு ஒளி கலவாது.

துகள்கள் திரள்வது ஏன்?

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் அலைந்துகொண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டும் இருக்கின்றன. நெருங்கிய இரு துகள்களுக்கிடையே வான்டெர்வால்ஸ் ஈர்ப்பு எப்போதும் உண்டு. ஆயினும் அவை ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஒரே வகை மின்னேற்றம் அவற்றை விலக்குவதேயாகும். ஈர்ப்புக்கும் விலக்கலுக்குமிடையே நிகழும் இப்போட்டியை 1941-இல் ரஷ்ய விஞ்ஞானிகள் டெர்யாகினும் லாண்டாவும், 1948-இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானிகள் வெர்வேயும் ஓவர்பீக்கும் கணித முறையில் விளக்கினர்.

உப்பு கரைந்தவுடன் இப்போட்டியின் நிலை மாறுகிறது. உப்பின் அயனிகள் துகளைச் சூழ்ந்து அதன் மின்னேற்றத்தை மறைக்கின்றன. லிட்டருக்கு ஒரு மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாதாரண உப்பு உள்ள நீரில், மின்விலக்கலின் வீச்சைக் குறிக்கும் தூரம் சுமார் 10 நானோமீட்டர். இரத்தத்தின் உப்புச் செறிவில், அதாவது லிட்டருக்கு 0.15 மோல் அளவில், அத்தூரம் 0.8 நானோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இரு துகள்கள் ஈர்ப்பின் எல்லைக்குள் வந்துசேரும் வரையில் விலக்கும் சக்தி தலைகாட்டுவதில்லை. அதன்பின் அவை பிரிவதில்லை.

இது எவ்வளவு விரைவில் நிகழும் என்பதையும் கணக்கிடலாம். 20 நானோமீட்டர் விட்டமுள்ள புளூரைடுத் துகள்கள் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் கோடி இருப்பதாகக் கொண்டால், அவற்றின் மொத்த எடை 20 மைக்ரோகிராம் அளவே ஆகும். அவற்றை விலக்கும் சக்தி முற்றிலும் நீங்கி, மோதும்போதெல்லாம் ஒட்டிக்கொள்ளுமாயின், ஸ்மோலுகோவ்ஸ்கியின் சூத்திரப்படி, விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் தனித்தனித் தொகுதிகளின் எண்ணிக்கை பாதியாகிவிடும். சோதனைக் குழாயைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்குள் காரியம் கெட்டுவிடும் என்பது இதனால் விளங்கும்.

பிசின் தரும் காப்பு

இவ்விடையூற்றுக்குப் பரிகாரம் புதியதன்று. விளக்குக் கரியை நீரில் மட்டும் குழைத்தால் அது விரைவில் அடியில் தங்கிவிடும். பண்டைய எகிப்தியர் அதனோடு பிசினையும், சீனர் விலங்குப் பசையையும் சேர்த்து நீண்ட நாள் கெடாத மையைத் தயாரித்தனர். 1857-இல் மைக்கேல் ஃபாரடே, தங்கத்தின் நுண்துகள்கள் மிதக்கும் செந்நிற நீரில் உப்பைச் சேர்த்தால் அது நீலமாக மாறுவதைக் கண்டார். துகள்கள் திரள்வதன் அடையாளம் அது. முன்கூட்டியே சிறிது ஜெலாட்டினைச் சேர்த்துவைத்தால் அம்மாற்றம் தடைப்படுவதையும் அவர் குறிப்பிட்டார்.

1901-இல் ஸிக்மாண்டி இக்காக்கும் திறனுக்கு ஓர் அளவு வகுத்து, அதற்குத் ‘தங்க எண்’ எனப் பெயரிட்டார். 10 மில்லிலிட்டர் தங்கக் கூழ்மத்தில் 1 மில்லிலிட்டர் 10 சதவீத உப்புக் கரைசலைச் சேர்க்கும்போது, நிறம் மாறாமல் தடுக்கத் தேவையான காப்புப் பொருளின் மிகக் குறைந்த மில்லிகிராம் அளவே தங்க எண்ணாகும். ஜெலாட்டினுக்கு இது 0.005 முதல் 0.01 வரை, அரபிப் பிசினுக்கு 0.15 முதல் 0.25 வரை. எண் சிறியதானால் காப்பு வலியது என்பது பொருள். ஸிக்மாண்டி 1925-ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசைப் பெற்றார்.

ஜெலாட்டினும் பிசினும், சிறு மூலக்கூறுகள் பல சங்கிலிபோலக் கோத்த நெடிய மூலக்கூறுகளால் ஆனவை. ஆராய்ச்சிக்கூடத்தில் தயாரிக்கப்படும் பாலிமர்களும் அத்தகையனவே. சங்கிலியின் ஒரு முனை துகளைப் பற்றிக்கொள்ள, மறுமுனை நீருக்குள் நீண்டு அசைந்துகொண்டிருக்கும். ஒரு துகளைச் சுற்றி இத்தகைய சங்கிலிகள் நெருக்கமாக அமைந்தால், அது பூனைவாலிப் புல்லின் கதிரைப்போல் தோன்றும். இரு துகள்கள் நெருங்கும்போது சங்கிலிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அவற்றின் அசைவுரிமை குறைகிறது. நெருக்குண்ட இடத்திற்குள் நீர் புகுந்து துகள்களை விலக்குகிறது. இவ்விலக்கல் மின்னேற்றத்தைச் சார்ந்ததன்று. ஆகவே உப்பினால் அது எளிதில் கெடுவதில்லை. மின்னேற்றமில்லாமலும் நீரில் நன்கு கரைவதாகவும் உள்ள பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் பாலிமர் இவ்வேலைக்குப் பெரிதும் கையாளப்படுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பாலிமர் போதிய அளவில் இருந்தால்தான் காப்பு உண்டு. அளவு குறைந்தால், ஒரே சங்கிலி இரண்டு துகள்களையும் பற்றிக்கொண்டு பாலமாகிவிடும். காக்க வந்த பொருளே திரட்டும் பொருளாகிவிடும். கலங்கல் நீரைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைக்கும் வழக்கத்தில் இத்தகைய செயலே பயனாகிறது. கொட்டையிலிருந்து கரையும் பெருமூலக்கூறுகள் மண் துகள்களுக்கிடையே பாலமிட்டு அவற்றைத் திரட்டுகின்றன. குடிநீருக்கு நன்மை செய்யும் அச்செயல் ஒளிர்துகளுக்குத் தீமையாகும்.

நீரும் ஒளியும்

புளூரைடுத் துகள்கள் பெரும்பாலும் ஓலீயிக் அமிலத்தின் துணையோடு சுமார் 300 பாகை வெப்பத்தில் தயாரிக்கப்படுகின்றன. இம்முறையில் கிடைக்கும் துகள்கள் ஒரே அளவினவாகவும் ஒழுங்கான வடிவுடையனவாகவும் அமையும். ஆனால் அவற்றின்மேல் எண்ணெய்த் தன்மையுள்ள ஓலீயிக் அமிலம் படிந்திருக்கும். ஆகவே அவை ஹெக்ஸேன் போன்ற திரவங்களில் மிதக்குமேயன்றி நீரில் மிதக்கமாட்டா. அவ்வமிலத்தை அகற்றிவிட்டு நீரை விரும்பும் பாலிமரை அமர்த்துவது ஒரு முறை. எண்ணெய்த் தன்மையும் நீர்த்தன்மையும் ஒருங்கே கொண்ட பாலிமரை அதன்மேல் போர்த்துவது மற்றொரு முறை.

நீரில் வந்து சேர்ந்த துகளின் ஒளி மங்குவதும் உண்டு. நீர் மூலக்கூறின் ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் இணைப்பு விரைந்து அதிரும் தன்மையது. கிளர்ச்சியுற்ற லாந்தனைடு அயனியின் சக்தியை அது அதிர்வாக வாங்கிக்கொள்கிறது. தனித்த யூரோப்பிய அயனியின் ஒளிர்வு சாதாரண நீரில் சுமார் 0.11 மில்லிவிநாடியே நீடிக்கிறது. கனநீரில் அது 2 மில்லிவிநாடிக்கும் மேலாக நீடிக்கிறது. 20 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பொருள் வெளிப்புறத்து ஒரு நானோமீட்டர் தடிப்புக்குள் அடங்கியிருப்பதால், இவ்விழப்பு சிறியதன்று. இதனைத் தவிர்க்க, ஒளிராத சோடியம் இட்ரியம் புளூரைடால் ஓர் உறையை முதலில் வளர்த்து, அதன்மேல் பாலிமரைப் போர்த்துகின்றனர். உறை ஒளியைக் காக்கிறது. போர்வை துகள்களைப் பிரித்து வைக்கிறது.

மோனசைட்டு கற்பிக்கும் பாடம்

போர்வை எவ்வளவு சிறந்ததாயினும், அது துகளைவிட்டு நழுவினால் பயனில்லை. இந்த இடத்தில்தான் பல தயாரிப்புகள் தோல்வியுறுகின்றன. பாலிமரின் பிடிப்பு முனையாகக் கார்பாக்ஸில் தொகுதி அமைவது வழக்கம். தூய நீரில் அது துகளின் மேற்பரப்பிலுள்ள லாந்தனைடு அயனிகளைப் பற்றி நிற்கிறது. ஆனால் இரத்தத்திலும், உயிரியல் ஆராய்ச்சிக்கூடங்களில் கையாளப்படும் உப்புக் கரைசலிலும் பாஸ்பேட் அயனிகள் உள்ளன. இவை கார்பாக்ஸில் தொகுதியைவிட வலுவாக லாந்தனைடுகளோடு சேர்பவை. ஆகவே அவை பாலிமரைத் தள்ளிவிட்டுத் தாம் அவ்விடத்தில் அமர்கின்றன. போர்வை நீங்கிய துகள்கள் உப்பு நீரில் திரண்டுவிடுகின்றன.

லாந்தனைடுக்கும் பாஸ்பேட்டுக்கும் உள்ள இப்பிணைப்பின் வலிமைக்கு இந்தியாவின் கடற்கரையே சான்று. 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மன் இரசாயனி திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் உள்ள மணலில் கிடைக்கும் அக்கனியம், லாந்தனைடுகளும் தோரியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்த சேர்மமேயாகும். மலைப்பாறைகள் சிதைந்து, ஆற்றில் உருண்டு, அலைகளால் அலசப்பட்டும் அது கரைந்துபோகவில்லை. 1950-இல் நிறுவப்பெற்ற இந்திய அருமண் நிறுவனம் 1952-இல் ஆலுவாயில் தொடங்கிய ஆலையில், மோனசைட்டைச் செறிந்த காஸ்டிக் சோடாவோடு சூடாக்கியே பாஸ்பேட்டைப் பிரித்தனர். அவ்வளவு கடினமான பிணைப்பு அது.

துகளைக் கெடுக்கும் இவ்வுறவையே துகளைக் காக்கவும் பயன்படுத்தலாம். பாலிமரின் முனையில் கார்பாக்ஸிலுக்குப் பதிலாகப் பாஸ்பேட்டை ஒத்த பாஸ்போனேட் தொகுதியை அமைத்தால், அது லாந்தனைடை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஒரு சங்கிலிக்கு ஒரு பிடி என்றில்லாமல் பல பிடிகளை அமைத்தால் உறுதி மேலும் பெருகும். பாகற்கொடி பல பற்றுக்கம்பிகளால் பந்தலைப் பிடித்து நிற்கிறது; ஒன்று அவிழ்ந்தாலும் மற்றவை தாங்குகின்றன. பல பிடிகளையுடைய பாலிமரும் அவ்வாறே. ஒரு பிடி தற்செயலாக நழுவினாலும், மற்றவை விடாதிருப்பதால் அது மீண்டும் வந்து பற்றிக்கொள்கிறது.

பாலிஅக்ரிலிக் அமிலத்திலும் பிடிகள் பல உண்டு. அவை யாவும் கார்பாக்ஸில் தொகுதிகளே. அமிலத்தன்மை மிகுந்த நீரில் அதன் மின்னேற்றம் குறைந்து சங்கிலிகள் சுருங்கும். கால்சியம் அயனிகள் இரு சங்கிலிகளை இணைத்துவிடவும் கூடும். எனவே பிடிகளின் எண்ணிக்கையோடு அவற்றின் தன்மையும் கருதத்தக்கது.

நிலைப்பை அளந்தறிதல்

கூழ்மம் நிலைத்துள்ளதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து அறிய இயலாது. ஒளிச்சிதறல் முறையில் துகள்கள் நீரில் அலையும் வேகத்தை அளந்து, போர்வையையும் சேர்த்து அவற்றின் விட்டத்தைக் கணக்கிடலாம். திரட்சி தொடங்கினால் அவ்விட்டம் நாளடைவில் வளரும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகம் தெளிவாகத் தெரியும். மெல்லிய பாலிமர்ப் போர்வை எளிதில் புலப்படாது. அதற்காகத் துகள்களை உலர்த்தும்போதே அவை ஒன்றுசேர்ந்துவிடக்கூடும். ஆகவே ஒரு முறையை மட்டும் நம்பி முடிவு கூறுவது பொருந்தாது.

அளவிடும் சூழ்நிலையே மிகவும் முக்கியமானது. தூய நீரில் பல மாதம் நிலைத்த துகள்கள் பாஸ்பேட் உள்ள உப்பு நீரில் விரைவில் திரண்டுவிடக்கூடும். செறிந்த நிலையில் புட்டியில் நிலைத்திருப்பவை, சோதனைக்காகப் பன்மடங்கு நீர்த்தபின் கெடக்கூடும். புட்டியில் துகளைவிட்டு நீங்கும் பாலிமருக்கு ஈடாக, நீரில் கலந்துள்ள வேறு பாலிமர் வந்து அமர்கிறது. நீர்த்த நிலையில் அவ்வாறு வந்து அமரப் போதிய பாலிமர் இல்லை. புளூரைடுப் படிகமும் நீரில் மிகச் சிறிதளவு கரைவதே. நீர் பெருகினால் கரையும் பங்கும் பெருகும். பாஸ்பேட் அதனை விரைவுபடுத்தும். அப்போது துகள் திரளாமலேயே ஒளி குன்றிவிடும். திரள்வதும் கரைவதும் வெவ்வேறு கேடுகளாதலால் துகளின் விட்டத்தையும் ஒளியையும் தனித்தனியே அளக்கவேண்டும்.

இரத்தத்திலுள்ள புரதங்களும் கணக்கில் சேர்க்கத்தக்கவை. அவை துகளின்மேல் படிந்து, நோய்ப்பொருளைத் தேடிப் பற்றவேண்டிய எதிர்ப்பொருள்களை மறைத்துவிடக்கூடும். போர்வை அடர்த்தியானால் புரதம் படிவது குறையும். ஆனால் அளவுக்கு மீறித் தடித்தால் எதிர்ப்பொருள்களும் உள்ளே புதைந்துவிடும். தக்க அளவு எது என்பதைப் பொது விதியால் கூற இயலாது. ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே கண்டறிய வேண்டியிருக்கிறது.

ஆகவே புதிய ஒளிர்துகள் ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சி அறிக்கையைப் படிப்போர், அதன் ஒளி எவ்வளவு என்பதோடு நின்றுவிடலாகாது. எந்தத் திரவத்தில் சோதித்தார்கள், எவ்வளவு நீர்த்த நிலையில் சோதித்தார்கள், எத்தனை நாள் பார்த்தார்கள், பாலிமர் எந்தப் பிடியால் நிற்கிறது என்னும் நான்கு கேள்விகளையும் கேட்டறிதல் வேண்டும். அவற்றுக்குத் தக்க விடை கிடைத்தபின்னரே, அத்துகள் காட்டும் ஒளியை நம்பி ஒருவருக்கு நோய் உண்டென்றோ இல்லையென்றோ கூற முடியும்.